முண்ணாண் ஒட்டியிருப்பதாக எம்.ஆர்.ஐ. சொல்கிறது: உடனே ஒப்பரேஷன் செய்ய வேண்டுமா?

கேள்வி: எனது மகனுக்கு 9 வயது. முதுகில் தோல் மூடாத கட்டியுடன் பிறந்தவன். இரண்டாம் நாள் முதுகை மூடினார்கள், மூன்றாம் கிழமை தலையில் ஷன்ட் (மூளையில் தேங்கும் நீரை வயிற்றுக்கு வடிக்கும் குழாய்) வைத்தார்கள். இரண்டு காலுக்கும் ஸ்பிளின்ட் போட்டு நடப்பான். ஒரு நாளைக்கு ஐந்து தரம் கதீற்றர் வைத்துச் சலம் எடுக்கிறோம். கடந்த நான்கு மாதமாக வலது கால் இழுபட்டுத் தடுக்கி விழுகிறான். நாரி நோகுது என்கிறான். கதீற்றர் வைக்கும் நேரங்களுக்கு இடையிலும் நனைகிறது. தனியார் நிலையமொன்றில் நாரிப்பகுதிக்கு எம்.ஆர்.ஐ. எடுத்தோம். முண்ணாண் (முள்ளந்தண்டுக்குள் ஓடும் நரம்புத் தண்டு) எல்5 (ஐந்தாம் நாரி முள்ளென்பு) மட்டத்தில் பழைய தழும்போடு ஒட்டியுள்ளது, டி10 முதல் டி12 வரை (நெஞ்சுப் பகுதி முள்ளென்புகள்) அதன் உள்ளே 4 மி.மீ. அகலத்தில் நீர் தேங்கிய குழி தெரிகிறது என்று ரிப்போர்ட். 4 வயதில் எடுத்த ஸ்கேனில் எஸ்1 (எல்5 இற்கு அடுத்துக் கீழே உள்ளது) என்று இருந்தது. முண்ணாண் மேலே நகர்ந்துவிட்டதா? ஒரு டொக்டர் உடனே ஒப்பரேஷன் என்கிறார். மற்றவர், இப்படிப் பிறந்த எல்லாப் பிள்ளைகளுக்கும் இது இருக்கும், பேசாமல் இருங்கள் என்கிறார். அடுத்த கிளினிக் மூன்று மாதம் கழித்துத்தான். என்ன செய்வது? இன்னொரு பிள்ளை பெறுவது பற்றியும் யோசிக்கிறோம்.
– வாசகி, வெள்ளவத்தை

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

இரண்டு பேர் சொன்னதிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் இருவருமே படத்தைப் பார்த்துப் பேசியிருக்கிறார்கள் போலத் தெரிகிறது. இங்கே படத்தைவிடப் பெரிய சாட்சி உங்கள் மகனே. நடை, நோவு, சலம் மூன்றும் ஒரே காலத்தில் கெட்டிருக்கின்றன. ஆகவே மூன்று மாதம் பொறுக்க வேண்டாம். ஷன்ட் வைத்த நரம்பியல் சத்திரசிகிச்சைப் பிரிவுக்கு இந்தக் கிழமையே போய், நடந்ததைச் சொல்லித் திகதியை முன்னுக்கு எடுங்கள். அங்கே முதலில் கேட்க வேண்டியது முதுகைப் பற்றி அல்ல, ஷன்ட் ஒழுங்காக வேலை செய்கிறதா என்பதைத்தான்.

காரணம் இது. ஷன்ட் அடைபட்டால் தலையிடியும் வாந்தியும் வரும் என்றுதான் எல்லாரும் எதிர்பார்க்கிறோம். முதுகு மூடப்பட்ட பிள்ளைகளில் அது அப்படியே வர வேண்டும் என்றில்லை. மெதுவாக, பாதியளவில் அடைபடும் ஷன்ட், கால் பலவீனமாகவும் சலம் கசிவதாகவும் முதுகு வளைவு கூடுவதாகவும் மட்டுமே வெளியில் தெரியலாம். இவை அத்தனையும் முண்ணாண் இழுபடும்போதும் வருகிற குறிகள். ஷன்டைப் பார்க்காமல் முதுகைத் திறந்தால் நோய் ஓரிடம், கத்தி வேறிடம் என்றாகிவிடும். போதாததற்கு, தலைக்குள் அழுத்தம் கூடியிருக்கும்போது முதுகில் போட்ட தையலூடாக மூளைய முண்ணாண் பாய்பொருள் (மூளையையும் முண்ணாணையும் சூழ்ந்துள்ள நீர்) கசியும் ஆபத்தும் கூடுகிறது.

ஷன்டைப் பார்ப்பதற்கு இரண்டு வேலை. ஒன்று, தலைக்கு சி.டி. அல்லது சில நிமிடத்தில் முடிகிற விரைவு எம்.ஆர்.ஐ. மூளை அறைகளின் (மூளைக்குள் இந்தப் பாய்பொருள் நிறைந்த இடங்கள்) அளவை மகன் நன்றாக இருந்த காலத்துப் படத்தோடு வைத்துப் பார்க்க வேண்டும். இன்றைய படம் தனியாக ஒன்றும் சொல்லாது, ஏனென்றால் இந்தப் பிள்ளைகளின் மூளை அறைகள் நலமாக இருக்கும்போதே சற்றுப் பெரிதாகவும் வடிவம் மாறியும் இருக்கும். இரண்டு, தலை, கழுத்து, நெஞ்சு, வயிறு என்று குழாய் போகும் வழி முழுவதற்கும் எக்ஸ்ரே. சிசுவில் வைத்த குழாய் 9 வயதில் கல்போல இறுகியிருக்கலாம். பிள்ளை உயர உயரக் கழுத்துப் பகுதியில் முறியலாம், அல்லது கீழ்நுனி வயிற்றுக்குள்ளிருந்து வெளியே இழுபட்டு வந்திருக்கலாம். சிலரில் ஷன்ட் அடைபட்டும் மூளை அறைகள் பெருக்காது. அதனால் சந்தேகம் பலமாக இருந்தால், படம் நன்றாக இருந்தாலும் சத்திரசிகிச்சை நிபுணர் ஷன்டைத் திறந்து பார்ப்பதுண்டு. அது மிகைச் செயல் அல்ல.

இதற்கிடையில் வாந்தி, தூக்கக் கலக்கம், விழுங்கும்போது புரைக்கேறுதல், மூச்செடுக்கும்போது கீச்சிடும் சத்தம், கைகளில் பலவீனம், திடீரென்று கால் முற்றாக இயங்காமை, இவற்றில் எது வந்தாலும் கிளினிக் திகதி பார்க்க வேண்டாம். அன்றைக்கே, இரவானாலும், அவசர சிகிச்சைப் பிரிவு. வாகனம் இல்லையென்றால் 1990.

இனி முதுகுக்கு வருவோம். பிறந்த சிசுவில் தட்டையாகத் திறந்து கிடக்கும் முண்ணாணை விடுவித்து, குழாய்போலச் சுருட்டி, அதன்மேல் உறை, தசைமேற்படை, தோல் என்று அடுக்கடுக்காக மூடுவார்கள். காயம் ஆறும் இடத்தில் தழும்பு வரும், முண்ணாண் அந்தத் தழும்போடு ஒட்டும். முண்ணாணின் நுனி மற்றப் பிள்ளைகளில் எல்1, எல்2 முள்ளென்புகளின் மட்டத்தில் முடிகிறது. முதுகு மூடப்பட்ட பிள்ளைகளில் ஏறத்தாழ எல்லாரிலும் அது கீழே, பின்பக்கமாக ஒட்டியபடியே தெரியும். அவர்களில் பத்தில் ஒருவரிலிருந்து மூவர் வரைதான் இழுவையால் பாதிக்கப்படுகிறார்கள். பாதிக்கப்பட்ட பிள்ளையின் படத்தையும் ஓடி விளையாடும் பிள்ளையின் படத்தையும் பெயரை மறைத்து மேசையில் வைத்தால், அனுபவமுள்ள கதிரியக்க நிபுணராலும் எது யாருடையது என்று சொல்ல முடியாமல் போகலாம். உங்கள் இரண்டாவது டொக்டர் சொன்னது இதைத்தான். அவர் தவறவிட்டது, குறிகள் இல்லாத பிள்ளைக்குச் சொல்ல வேண்டிய ஆறுதலைக் குறிகள் உள்ள பிள்ளைக்குச் சொன்னதை. பிள்ளை வேகமாக வளரும் வயதில் முள்ளந்தண்டு நீள்கிறது, ஒட்டிய முண்ணாணால் மேலே நகர முடிவதில்லை. இழுபடும் இடத்தில் இரத்த ஓட்டமும் நரம்புக் கலங்களின் ஒட்சிசன் பாவனையும் குறைந்து, அவை வேலையை நிறுத்தத் தொடங்குகின்றன.

எஸ்1 இல் இருந்தது எல்5 ஆனதைப் பற்றிப் பயப்பட வேண்டாம். முண்ணாண் நகரவில்லை, பெரும்பாலும் எண்ணியவர் மாறியிருக்கிறார். இந்தப் பிள்ளைகளில் நாரி முள்ளென்புகள் ஒன்று கூடியோ குறைந்தோ, பின்வளைவுகள் இல்லாமலோ இருக்கும். கீழேயிருந்து மேலே எண்ணினால் ஒரு எண்ணும், மேலேயிருந்து கீழே எண்ணினால் வேறொன்றும் வரும். கழுத்தின் இரண்டாவது முள்ளென்பிலிருந்து இறங்கி எண்ணிய எண்தான் நம்பத்தக்கது. அதற்கு முழு முள்ளந்தண்டும் படத்தில் இருக்க வேண்டும். நாரியை மட்டும் எடுத்த ஸ்கேனில் அது முடியாது.

அதே காரணத்தால்தான் டி10 என்ற எண்ணையும் நான் நம்பவில்லை. நாரி எம்.ஆர்.ஐ. படத்தின் மேல்விளிம்பு வழக்கமாக டி10, டி11 அளவில் வெட்டுப்படும். நீர்க்குழி அங்கே முடிகிறதா, படம் அங்கே முடிகிறதா? உங்கள் ரிப்போர்ட்டில் அது எழுதப்படவில்லை. குழி கழுத்து வரை போகலாம். போனால் கை பலவீனத்தையும் முதுகு வளைவையும் அது கொண்டுவரக்கூடும். முண்ணாணின் நடுவே இயல்பாகவே உள்ள நடுக்கால்வாய் 1, 2 மி.மீ. அகலமாகத் தெரிவது பெரும்பாலும் தொந்தரவில்லாத விஷயம். 4 மி.மீ. அப்படித் தள்ளிவிடக்கூடியதல்ல, ஆனால் அதுவும் தனியே ஒப்பரேஷனுக்குக் காரணமாகாது. 4 வயதிலும் இதே 4 மி.மீ. இருந்ததா, அல்லது புதிதா என்பதுதான் கேள்வி. ஷன்ட் உள்ள பிள்ளையில் புதிதாக வந்த குழியையோ பெருத்த குழியையோ, வேறு காரணம் உறுதியாகும் வரை ஷன்ட் கோளாறாகவே எண்ண வேண்டும். ஷன்டைச் சரிசெய்ததும் குழி தானாகச் சுருங்குவதுண்டு. சிறுமூளையின் கீழ்ப்பகுதி கழுத்துக்குள் இறங்கியிருப்பதும் இந்தப் பிள்ளைகளில் ஏறத்தாழ எப்போதும் காணப்படும். அங்கே நெருக்கம் கூடினாலும் குழி பெருக்கும். ஆகவே தலையும் கழுத்தும் சேரும் இடமும் படத்துக்குள் வர வேண்டும்.

ரிப்போர்ட்டில் பேச்சே இல்லாத இன்னொன்று, தோல் கலங்களால் ஆன கட்டி. முதுகை மூடும்போது தோலின் சிறு துண்டு உள்ளே அகப்பட்டால், அல்லது கருவிலேயே அங்கே தங்கியிருந்தால், அது வருடக்கணக்கில் மெல்ல வளர்ந்து முண்ணாணை நெருக்கும். இதைத் தவறவிடுவது மிக இலகு. டி1, டி2 எனப்படும் எம்.ஆர்.ஐ. பட வகைகளில் (இவை முள்ளென்பு எண்கள் அல்ல) இதன் நிறம் சுற்றியுள்ள பாய்பொருளின் நிறத்தோடு ஏறத்தாழ ஒத்துப்போகும். நீர்ப்பரவல் படம் எனப்படும் டி.டபிள்யூ.ஐ. எடுத்தால் மட்டும் பாய்பொருள் கறுக்க, கட்டி வெள்ளையாகத் துலங்கும். கொழுப்பு கலந்த வகையென்றால் டி1 இல் வெள்ளையாகத் தெரிந்து, கொழுப்பை அடக்கி எடுத்த படத்தில் மறையும். சீழ்க்கட்டியும் டி.டபிள்யூ.ஐ. படத்தில் வெள்ளையாகவே தெரியும் என்பதால், காய்ச்சலோ முதுகுத் தோலில் சிறு துவாரமோ நீர்க்கசிவோ இருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். முண்ணாணை இரண்டாகப் பிரிக்கும் எலும்பு முனை, பாய்பொருள் தேங்கிய சிலந்திச்சவ்வுப் பை, கொழுப்புக் கட்டி ஆகியவற்றையும் தேட வேண்டும். அவை கண்ணுக்கு இலகுவாகப் படும்.

எனவே இரண்டாவது ஸ்கேன் தேவைப்படும். அதை அரைகுறையாக எடுத்துப் பணத்தை வீணாக்காதீர்கள். கோரிக்கைப் படிவத்தில் நாரி எம்.ஆர்.ஐ. என்று மட்டும் எழுதினால் நிலையத்தார் இடுப்புவலிக்காரருக்கு எடுக்கும் அதே படத்தைத்தான் எடுப்பார்கள், அவர்களைக் குறை சொல்ல முடியாது. உங்கள் நிபுணரிடம் இப்படி எழுதித் தரச் சொல்லுங்கள்: மண்டையோடும் கழுத்தும் சேரும் இடம் முதல் வாலென்பு வரை முழு முள்ளந்தண்டு, பக்கவாட்டில் டி1, டி2, 3 மி.மீ. வெட்டுகள், எல்1 இலிருந்து கீழே குறுக்காக டி1, டி2, தழும்புப் பகுதிக்குக் கொழுப்பு அடக்கிய டி1, டி.டபிள்யூ.ஐ., மெல்லிய முப்பரிமாண டி2. முதுகு வளைந்திருந்தால் முன்பக்கத் தளத்திலும் ஒரு தொடர். பிறந்தபோது என்ன செய்யப்பட்டது, ஷன்ட் உண்டு, நான்கு மாதமாக என்ன மாற்றம், எந்தத் திகதிப் படத்தோடு ஒப்பிட வேண்டும் என்பவற்றையும் அதில் எழுத வேண்டும். கதிரியக்க நிபுணருக்கு அந்த நான்கு வரி கிடைத்தால் ரிப்போர்ட்டின் தரமே மாறிவிடும்.

குப்புறப் படுக்கவைத்து எடுக்கும் படம் பற்றிச் சிலர் சொல்வார்கள். ஒட்டாத முண்ணாண் அப்போது முன்பக்கம் சரியும், ஒட்டியது சரியாது. உங்கள் மகனில் ஒட்டியிருப்பது ஏற்கெனவே தெரிந்ததால் அதில் பெரிய இலாபம் இல்லை. படத்தைத் துலக்கப் போடும் கடோலினியம் ஊசியும் வழமையாகத் தேவையில்லை, கிருமித்தொற்றையோ கட்டியையோ சந்தேகித்தால் மட்டும் போதும். போடுவதென்றால் சிறுநீரகத்தைப் பார்த்துக்கொள்ள வேண்டும். கால் தசை மெலிந்த பிள்ளைகளில் சிறுநீரகத்தின் வேலையை அளக்கப் பார்க்கும் கிரியேட்டினின் இரத்தத்தில் குறைவாகவே இருக்கும், அதை வைத்துச் சிறுநீரகம் நன்றாக இருக்கிறது என்று ஏமாறக் கூடாது. முடிந்த இடத்தில் சிஸ்டாட்டின் சி என்ற இரத்தப் பரிசோதனை நல்லது.

ஸ்கேன் அன்று கவனிக்க வேண்டியவை சில. முழு முள்ளந்தண்டுக்கும் ஒரு மணித்தியாலம் வரை எடுக்கலாம், அவ்வளவு நேரமும் அசையக் கூடாது. 9 வயதுப் பிள்ளையை முதலே பழக்கினால் மயக்க மருந்து இல்லாமலே எடுக்கலாம். அந்த டக் டக் சத்தத்தைப் போனில் போட்டுக் காட்டி, மேசைக்குக் கீழே அசையாமல் படுக்கப் பழக்குங்கள். மயக்க மருந்து கொடுப்பதென்றால் சோறு, பால்மா 6 மணித்தியாலத்துக்கு முன்னும் தெளிந்த தண்ணீர் 2 மணித்தியாலத்துக்கு முன்னும் நிறுத்துவது வழமை. அங்குள்ள மயக்க மருந்து நிபுணர் வேறு சொன்னால் அவர் சொல்வதே சரி. லேட்டக்ஸ் ஒவ்வாமை இந்தப் பிள்ளைகளில் அதிகம். பலூன் ஊதினால் உதடு வீங்கியதா, றப்பர் கையுறை பட்டுத் தடித்ததா என்று யோசித்து முதலே சொல்லுங்கள்.

கழுத்தில் பஞ்சாயுதம், இடுப்பில் அரைஞாண் கொடி, தாயத்து எல்லாம் வீட்டிலேயே கழற்றிவிடுங்கள். பொன்னும் வெள்ளியும் காந்தத்துக்கு இழுபடாது என்பது உண்மை, ஆனால் சூடேறும். மகனுக்கு இடுப்புக்குக் கீழே உணர்ச்சி குறைவாக இருந்தால், சுடுகிறது என்று அவனுக்குத் தெரியவே வராது. அதனால் கேபிள்களோ இயந்திரச் சுவரோ தோலில் நேரே படாமல், இரண்டு கால்களும் ஒன்றோடொன்று உரசாமல் இடையில் துணி அல்லது மெத்தை வைக்கச் சொல்லுங்கள். வெள்ளி நூல் கலந்த விளையாட்டு உடைகளும் வேண்டாம். ஸ்பிளின்டில் உலோக ஆணிகள் இருக்கும், அது வெளியிலேயே இருக்கட்டும். உள்ளே போவதற்குச் சற்று முன் கதீற்றர் வைத்துச் சலத்தை எடுத்துவிடுங்கள். வெளியே வந்ததும் குதி, பிட்டம், நாரி மூன்றையும் பாருங்கள். சிவந்த இடம் அரை மணித்தியாலத்தில் மறையாவிட்டால் வைத்தியருக்குக் காட்டுங்கள்.

ஷன்டின் வகை டயக்னோசிஸ் கார்ட்டில் இருக்கும். நிலையான அழுத்த வால்வு என்றால் பிரச்சினை இல்லை. வெளியிலிருந்து அழுத்தத்தை மாற்றக்கூடிய வால்வு என்றால் காந்தம் அதன் அமைப்பை மாற்றிவிடலாம். ஸ்கேன் முடிந்த அன்றே அதைச் சோதிக்க ஆள் இருக்கிறதா என்று திகதி எடுக்கும்போதே கேளுங்கள், வெள்ளிக்கிழமை பின்னேரத்துக்குத் திகதி எடுக்காதீர்கள். படங்களை ஃபிலிமில் மட்டுமல்ல, சீடியிலும் வாங்கி உடனே பென் டிரைவில் ஒரு பிரதி எடுத்து வைக்கவும். 4 வயது ஸ்கேன் அலுமாரியில் இருந்தால் அதுதான் இப்போது உங்கள் கையில் உள்ள மிகப் பெறுமதியான கடதாசி உறை.

படத்துக்கு வெளியே நடக்க வேண்டிய சோதனைகளும் அதே அளவு முக்கியம். சலம் நனைவதற்கு முதல் காரணமாகக் கிருமித்தொற்றையும் மலச்சிக்கலையும் விலக்குங்கள். சலப் பரிசோதனையும் கல்ச்சரும் இந்தக் கிழமையே செய்யலாம். பிறகு சலப்பையின் அழுத்தத்தை அளக்கும் யூரோடைனமிக் பரிசோதனை. கசிவு தொடங்கும் அழுத்தம் 40 செ.மீ. நீருக்கு மேல் போனால் சிறுநீரகங்களுக்கு ஆபத்து. பழைய அளவோடு ஒப்பிட்டு அது கூடியிருந்தால் முண்ணாண் பாதிக்கப்படுகிறது என்பதற்கு நல்ல சான்று. இயன்மருத்துவரிடம் இரண்டு காலிலும் ஒவ்வொரு தசைக்கும் 0 முதல் 5 வரை பலம் பார்த்து எழுதச் சொல்லுங்கள். முன்பு 4 இருந்த தொடைத் தசை இப்போது 3 என்றால் அது பேச்சுக்கு இடமில்லாத மாற்றம். கூடவே ஸ்பிளின்ட் சிறிதாகிவிட்டதா என்றும் பார்க்கட்டும். அளவு போதாத ஸ்பிளின்டும் ஒரு வருடத்தில் கூடிய உடல் எடையும்கூடக் காலை இழுக்கவைக்கும். ஆனால் அவை நாரி நோவையும் சலக் கசிவையும் சேர்த்துக் கொண்டுவரா. முள்ளந்தண்டு எக்ஸ்ரேயை முன்பு இருந்து எடுத்திருந்தால் இப்போதும் இருந்தபடியே எடுக்க வேண்டும். வளைவு 5 பாகைக்குள் மாறியிருந்தால் அளவெடுப்பின் பிழையாக இருக்கலாம், அதற்கு மேல் என்றால் கவனிக்க வேண்டும். அவன் நடப்பதைப் போனில் முன்னாலும் பக்கத்தாலும் எடுத்து வையுங்கள். போன வருடத்துப் பிறந்தநாள் வீடியோ இருந்தால் அதையும் காட்டுங்கள். நிபுணர்கள் அதைச் சிரித்துத் தள்ளமாட்டார்கள்.

ஷன்ட் நன்றாக இருக்கிறது, தசைப்பலமோ சலப்பை அழுத்தமோ கெட்டிருக்கிறது என்று உறுதியானால் முண்ணாணைத் தழும்பிலிருந்து விடுவிக்கும் சத்திரசிகிச்சைக்குச் சம்மதியுங்கள். என் கருத்தில் அப்போது தள்ளிப்போடுவது நட்டம், ஏனென்றால் நெடுநாள் இழந்த பலம் திரும்பி வருவது அரிது. அதன் முதல் நோக்கம் மேலும் கெடாமல் நிறுத்துவது. நோவு பெரும்பாலும் குறையும், நடை ஓரளவு தேறும், சலம் எல்லாவற்றிலும் குறைவாகவே திருந்தும். புதிய பலவீனம், பாய்பொருள் கசிவு, தொற்று ஆகியவை ஆபத்துகள். கசிவைத் தடுக்கச் சில நாள் மட்டமாகப் படுக்கவைப்பார்கள். சத்திரசிகிச்சையின்போது நரம்புகளை மின்தூண்டலால் கண்காணிக்கும் வசதி உண்டா என்று கேளுங்கள், கேட்பதில் தப்பில்லை. முடிந்த சில நாளில் எடுக்கும் எம்.ஆர்.ஐ. இரத்தக் கசிவையும் வீக்கத்தையும் காட்டிக் குழப்பும். சிக்கல் ஏதும் இல்லையென்றால் சில மாதம் கழித்து ஒன்று எடுத்து, அதை இனிவரும் காலத்துக்கான ஒப்பீட்டுப் படமாக வைத்துக்கொள்வது நல்லது. அதிலும் முண்ணாண் கீழேதான் இருக்கும், ஒட்டியதுபோலவும் தெரியலாம். வளர்ச்சி முடியும் வரை மறுபடி இழுபடவும் கூடும் என்பதால் ஆறு மாதத்துக்கொரு முறை தசைப்பலமும் வருடத்துக்கொரு முறை சலப்பையும் பார்த்து வர வேண்டும்.

அடுத்த பிள்ளை பற்றி: ஒரு பிள்ளைக்கு இப்படி இருந்தால் அடுத்ததற்கு வரும் வாய்ப்பு நூற்றுக்கு 2 முதல் 3 வரை. 1991 இல் வெளியான பிரித்தானிய ஆய்வில், முன்பு இப்படிப் பிள்ளை பெற்ற தாய்மார் நாளுக்கு 4 மில்லிகிராம் ஃபோலிக் அமிலம் எடுத்தபோது மறுபடி வருவது 72 வீதம் குறைந்தது. எல்லாப் பெண்களுக்கும் சொல்லப்படும் 400 மைக்ரோகிராம் உங்களுக்குப் போதாது. 4 அல்லது 5 மில்லிகிராம் அளவை வைத்தியரின் சிட்டையோடு, கருத்தரிக்கக் குறைந்தது ஒரு மாதத்துக்கு முன் தொடங்கி 12 கிழமை முடியும் வரை எடுக்க வேண்டும். மல்ரிவிற்றமின் குளிசைகளைப் பல மடங்கு விழுங்கி இந்த அளவைச் சேர்க்கப் பார்க்காதீர்கள். அதோடு விற்றமின் ஏயும் கூடும், அது கருவுக்குக் கெடுதி. வலிப்புக்கு வல்புரோயேட் எடுப்பவரானால் தானாக நிறுத்தாமல், கருத்தரிக்க முன்னரே அதைத் தந்த வைத்தியரிடம் பேசுங்கள். உங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தரிடம் மகனின் விபரத்தை இப்போதே சொல்லிப் பதிந்து வைத்தால், கரு தங்கியதும் 18 முதல் 22 கிழமைக்குள் எடுக்க வேண்டிய விபரமான ஸ்கேனுக்கு நேரத்தோடு அனுப்ப வசதியாக இருக்கும்.